உற்பத்தியில் பின்தங்கிய ஆறு வீடுகள்

குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்குக் கண்ணாடிக்காரர் தாமதமாகப் போனார். அவர் போய்ச் சேர்வதற்குள் அவரைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்து, கைதட்டி, தேநீரும் குடித்து முடித்திருந்தார்கள். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அவருக்கு, மற்றவர்களின் பார்வைக் கோளாறுகளைத் தவிர வேறு எதையும் நிர்வகித்துப் பழக்கமில்லை.

"ஒரு வேலையும் இருக்காது. மாடிப்படி விளக்கு எரியலைன்னா மாத்தணும், அவ்வளவுதான்" என்றார் மேல்மாடிப் பல் டாக்டர். வலிக்காது என்று சொல்லியே பிழைப்பவர் அவர் என்பது கண்ணாடிக்காரருக்கு அப்போது உறைக்கவில்லை.

மூன்று மாடி, மாடிக்கு இரண்டு வீடு. எல்லாம் சின்னச் சின்னக் குடும்பங்கள். இரண்டாம் மாடி யோகா டீச்சர் தனியாள். அதிலும் வாரத்தில் இரண்டு நாள் பட்டினி கிடப்பவர். இந்தக் கொஞ்சம் பேருக்காகக் கட்டிடத்தின் பின்புறம் ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருந்தது. பிள்ளைகள் பந்து விளையாடவும், துணி காயப்போடவும், நான்கைந்து மரம் வளர்க்கவும் போதுமான இடம் முழுவதையும் அது பிடித்துக்கொண்டிருந்தது. ஏனென்றால் கழிவுநீர் ஒழுங்கு வாரியத்தின் விதிப்புத்தகத்தில் தொட்டி அளவுக்கான அட்டவணை நூறு பேரில்தான் ஆரம்பிக்கிறது. அதற்குக் கீழேயும் மனிதர்கள் ஒரு கூரையின் கீழ் வாழக்கூடும் என்று அட்டவணை போட்டவருக்குத் தோன்றவில்லை. கட்டிடம் கட்டியவர் சட்டத்துக்குப் பயந்தவர். நூறு பேருக்கான தொட்டியைக் கட்டிக் கொடுத்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்.

தொட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் உண்டு. வீடுகளிலிருந்து இறங்கி வருவதுதான் அவற்றுக்குச் சாப்பாடு. வயிறார உண்டால் தண்ணீரைச் சுத்தம் செய்து வெளியே அனுப்பும். பட்டினி கிடந்தால் செத்துப்போகும், செத்தால் நாறும். நூறு பேர் பந்தி என்று நம்பி உட்கார்ந்த கிருமிகளுக்கு, ஆறு வீட்டு மிச்சம் ஒரு மூலைக்குக்கூடப் போதவில்லை.

கண்ணாடிக்காரர் பதவியேற்ற வாரமே வாரியத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. "தங்கள் குடியிருப்பின் கழிவுநீர் உற்பத்தி, நிர்ணயிக்கப்பட்ட அளவைவிடப் பெரிதும் பின்தங்கியுள்ளமை வருத்தத்துடன் கவனிக்கப்பட்டுள்ளது" என்று அது தொடங்கியது. மாத முடிவுக்குள் உற்பத்தியை உயர்த்தாவிட்டால் குடியிருப்பு அனுமதி ரத்தாகும். வீடுகள் பூட்டி முத்திரையிடப்படும்.

அவர் மனைவி அதை இரண்டு தடவை படித்தாள். "சமையல்ல உப்பு குறைச்சல்னு சொல்லியிருக்காங்க, பேச்சுல மரியாதை குறைச்சல்னு சொல்லியிருக்காங்க. இந்தக் குறையை இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லைங்க" என்றாள்.

மறுநாள் கடையைத் திறக்காமல் கண்ணாடிக்காரர் வாரியத்துக்குப் போனார். நீளமான தாழ்வாரம். இருபுறமும் கோப்புகள் கூரை வரை அடுக்கியிருந்தன. கழிவறைக் கதவில் 'அலுவலர்களுக்கு மட்டும்' என்று எழுதிப் பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த அலுவலர் நீண்ட விடுப்பில் இருந்தார். கடைசி அறையில் உதவிப் பொறியாளர் உட்கார்ந்திருந்தார். கெட்டவர் அல்ல. எதைக் கேட்டாலும் முதலில் விதிப்புத்தகத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு பேசுபவர்.

"ஆறு வீட்டுல ஆறு வீட்டு அளவுதானே சார் வரும்?"

"அது உங்க வீட்டுக்குள்ள நடக்கிற விஷயம். அதுல வாரியம் தலையிடாது. தொட்டிக்கு வந்து சேர்ற அளவு மட்டும்தான் எங்க பொறுப்பு."

"அப்ப தொட்டியைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கலாமா?"

"விதிப்படி கட்டின தொட்டியைக் குறைக்கிறது, விதியையே குறைக்கிற மாதிரி. அதுக்குத் தனியா தண்டனை இருக்கு."

"பின்ன என்னதான் சார் பண்றது?"

உதவிப் பொறியாளர் குரலைத் தாழ்த்தினார். "நான் அதிகாரியாச் சொல்லலை, கூடப் பிறந்தவன் மாதிரி சொல்றேன். முயற்சி பண்ணுங்க சார். எல்லாரும் மனசு வெச்சா முடியும்."

அன்று சாயங்காலமே மாடிப்படியில் அவசரக் கூட்டம் நடந்தது. எல்லாரும் மனசு வைக்க வேண்டும் என்று கண்ணாடிக்காரர் தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்ததும், அத்தனை கண்களும் யோகா டீச்சர் பக்கம் திரும்பின.

"வாரத்துல ரெண்டு நாள் நீங்க ஒண்ணுமே சாப்பிடறதில்ல. அந்தப் பாரத்தையும் நாங்கதான் சுமக்கிறோம்" என்றார் பல் டாக்டர்.

"நான் சாப்பிடற கீரைக்கு நீங்க பத்து பேர் வரணும். நீங்க என்ன, நாலு ரொட்டித் துண்டும் ஒரு முட்டையும்" என்றார் யோகா டீச்சர்.

பேச்சு முற்றி யார் வீட்டில் எவ்வளவு என்ற இடத்துக்குப் போவதற்குள், கண்ணாடிக்காரர் மனைவி குறுக்கே புகுந்தாள். "தண்ணியைத் திறந்து விடுங்க. குழாய்க்கா பஞ்சம்?"

அது எல்லாருக்கும் பிடித்துப்போனது. அன்றிலிருந்து ஆறு வீட்டுக் குழாய்களும் காலை முதல் சாயங்காலம் வரை ஓடின. தொட்டிக்கு வரும் அளவைக் காட்டும் மீட்டரில் முள் ஏறியது. உதவிப் பொறியாளர் பாட்டிலோடு வந்து மாதிரி எடுத்துப் போனார். போகும்போது கைகுலுக்கினார். வாரம் முடிவதற்குள் இரண்டாவது நோட்டீஸ் வந்தது. இந்தத் தடவை குற்றம் கலப்படம். கண்ணாடிக்காரர் மறுபடி வாரியத்துக்கு ஓடினார்.

"இதுல கழிவே இல்லையே சார். முகம் கழுவலாம் போல இருக்கு" என்றார் உதவிப் பொறியாளர், பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்காட்டி.

"சுத்தமா இருந்தா நல்லதுதானே?"

"வெளிய போறது சுத்தமா இருந்தா நல்லது. உள்ள வர்றது சுத்தமா இருந்தா மோசடி. நல்ல தண்ணியைக் கலந்து கழிவுநீரோட தரத்தைக் கெடுத்திருக்கீங்க."

"தரத்தையா?"

"கழிவுநீருக்கும் ஒரு தரம் இருக்கு சார்."

அதை அவர் சொன்ன விதத்தில் அப்படி ஒரு கம்பீரம் இருந்தது. கண்ணாடிக்காரர் தன்னை அறியாமல் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார்.

"ஆள் வேணும் சார். நிஜமான ஆள்" என்றார் உதவிப் பொறியாளர், மனம் இளகி. "உங்களுக்கெல்லாம் விருந்தாளியே வரமாட்டாங்களா?"

அதற்குப் பிறகு அந்தக் கட்டிடத்தில் விருந்தோம்பல் கரைபுரண்டது. ஆனால் உறவினர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் வாசலிலேயே பேசி அனுப்பியவர்கள், திடீரென்று வந்து தங்கு, பெட்டி படுக்கையோடு வா, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா என்றால் யாருக்குத்தான் பயம் வராது? பல் டாக்டருக்கு ஒரே ஒரு விருந்தாளி கிடைத்தார். அவருக்கும் கடைவாய்ப் பல் வலி, கஞ்சியைத் தவிர எதுவும் இறங்கவில்லை. யோகா டீச்சரின் சிநேகிதி ஒரு பூனையோடு வந்தார். பூனை கணக்கில் வராது என்று வாரியம் தொலைபேசியில் தெரிவித்தது. கண்ணாடிக்காரரின் மைத்துனி வந்து, பின்பக்க ஜன்னலைத் திறந்து, மூச்சை ஒரு தடவை இழுத்து, பெட்டியைப் பிரிக்காமலே கிளம்பிவிட்டாள்.

அன்று சாப்பாட்டு மேஜையில் மனைவி சொன்னாள்: "உங்க அண்ணன் வீட்டுல மொத்தம் எத்தனை பேர் இருப்பாங்க?"

கண்ணாடிக்காரர் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தார். அந்த வீட்டில் அண்ணன் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

அண்ணன் வாடகைப் பஸ் ஓட்டுபவர். பெரிய குடும்பம், பெரிய குரல். தம்பி கடை திறந்த அன்று, வந்திருந்த பெரிய மனிதர்கள் நடுவில் நின்று, "சின்ன வயசுல இவனுக்குக் கண்ணே தெரியாது. விளக்குக் கம்பத்தைப் பார்த்து 'வணக்கம் மாமா'ன்னு சொன்னவன். இன்னிக்கு ஊருக்கே கண்ணாடி போட வந்துட்டான்" என்று பெருமையோடு சொன்னார். அவரைப் பொறுத்தவரை அது பாராட்டு. கூட்டம் சிரித்த சிரிப்பில் தம்பியின் காது சிவந்துபோனது. அன்றோடு பேச்சு நின்றது. முதலில் கோபம் இருந்தது. பிறகு கோபம் போய், யார் முதலில் பேசுவது என்ற வழக்கு மட்டும் மிச்சமிருந்தது.

"வேற யாரையாவது பாக்கலாம்" என்றார்.

"வேற யார்கிட்ட பஸ் இருக்கு?" என்றாள் மனைவி.

வீட்டைப் பூட்டிவிடுவார்கள் என்ற பயம் ஒரு பக்கம், பின்புறத்து நாற்றம் மறுபக்கம். கண்ணாடிக்காரர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"யாரு?" என்றது மறுமுனை. பின்னணியில் ஒரு சந்தையே நடப்பது போன்ற இரைச்சல்.

"அண்ணா... எல்லாரும் சௌக்கியமா?"

அண்ணன், "டேய், எல்லாரும் கொஞ்சம் வாயை மூடுங்க" என்று யாரையோ அதட்டினார். "ஏன்டா, உடம்புக்கு ஏதாவது?"

"அதெல்லாம் இல்ல. சும்மா... வந்து கொஞ்ச நாள் தங்கிட்டுப் போனா நல்லா இருக்கும்."

"நானா?"

"எல்லாரும்."

"எல்லாரும்னா, எங்க வீட்டு எல்லாருமா? யோசிச்சுத்தான் சொல்றியா?"

"யோசிச்சுத்தான் சொல்றேன்" என்றார் கண்ணாடிக்காரர். அது பொய்யும் இல்லை.

மறுநாளே பஸ் வந்து நின்றது. அண்ணி, மூன்று பையன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள், அண்ணியின் இரண்டு தம்பிகள், அவர்கள் குடும்பம், அவர்கள் குடும்பத்துக்குத் துணையாக வந்தவர்கள் என்று இறங்க இறங்க ஆள் வந்துகொண்டே இருந்தது. நின்றுகொண்டே வந்தவர்களும் இருந்தார்கள். பல் டாக்டர் மேலிருந்து எட்டிப் பார்த்துக் கண்கலங்கினார்.

ஆறு வீடுகளும் அவர்களைப் பங்கு போட்டுக்கொண்டன. யோகா டீச்சருக்குப் பங்காக வந்த அண்ணி, பட்டினி என்ற சொல்லையே காதில் வாங்கவில்லை. "இளைச்சுப் போயிருக்கியேம்மா, உட்காரு" என்று தட்டை வைத்தார். யோகா டீச்சரும் உட்கார்ந்துவிட்டார். அந்த வாரத்திலேயே பின்புற நாற்றம் நின்றது. தொட்டி மோட்டார் சீராக முனகியது. பாட்டிலில் எடுத்த மாதிரியைப் பார்த்து உதவிப் பொறியாளர், "இதுதான் சார் சரக்கு" என்று வாய்விட்டுச் சொன்னார். பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். 'கூடுதல் உற்பத்தியின் ஆதாரம்' என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல், கண்ணாடிக்காரர் உள்ளதை எழுதினார்: பேச்சுவார்த்தை இல்லாதிருந்த அண்ணன் குடும்பம்.

முதல் இரண்டு நாள் அவருக்கு நிம்மதியே இல்லை. யாராவது குளியலறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டால் காது தானாக நிமிரும். சந்தோஷமும் குற்ற உணர்ச்சியும் ஒரே நேரத்தில் வரும். விடிந்ததும் ஓடிப்போய் மீட்டரைப் பார்ப்பார். பிறகு எப்படியோ அது மறந்துபோனது. அண்ணனோடு மாடிப்படியில் உட்கார்ந்து சீட்டாடவே நேரம் சரியாக இருந்தது.

ஒரு நாள் அண்ணன் கடைக்கு வந்து, பழைய சண்டை நடந்த அதே இடத்தில் நின்றுகொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். சுவரில் இருந்த, கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார் தம்பி.

"எந்தப் பலகை?" என்றார் அண்ணன்.

"விளையாடாதீங்க."

"நிஜமாவேடா. வெள்ளையா ஒண்ணு தெரியுது, அதுவா?"

கண்ணாடிக்காரர் அண்ணனின் கண்களைக் குனிந்து பார்த்தார். "இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டா பஸ் ஓட்டறீங்க?"

"ரோடெல்லாம் மனப்பாடம். இருக்கிறது ஒரு தம்பி, அவன் கடைக்கு வர முடியாம இருந்தது. வேற கடைக்குப் போய் கண்ணாடி போட்டா நல்லாவா இருக்கும்?"

அன்று கடையில் வேறு எந்த வேலையும் நடக்கவில்லை. தம்பி தானே உட்கார்ந்து கண்ணாடியைத் தேய்த்து, சட்டத்தில் பொருத்தி, அண்ணன் மூக்கில் மாட்டிவிட்டார். அண்ணன் தெருவைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். "ஏன்டா இவ்வளவு நரைச்சுப் போன?" என்றார்.

அன்று சாயங்காலம் மனைவி கேட்டாள்: "எதுக்காகக் கூப்பிட்டோம்னு அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"ஆய்வு முடியட்டும்" என்றார்.

ஆய்வு நாள் வந்தது. இணை ஆணையரே நேரில் வந்தார். தொட்டியின் சிமென்ட் மூடிமேல் கம்பளம் விரித்து, நாற்காலி போட்டு, ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். அண்ணன் குடும்பம் ஏதோ விழா என்று நினைத்துக் குளித்து, நல்ல துணி உடுத்தி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. அந்தக் குளியலும் மீட்டரில் ஏறியது.

இணை ஆணையர் எழுந்தார்.

"சிலர் கேட்கிறார்கள், ஆறு வீட்டுக்கு எதற்கு இவ்வளவு பெரிய நிலையம் என்று. நான் கேட்கிறேன், இவ்வளவு பெரிய நிலையத்துக்கு எதற்கு வெறும் ஆறு வீடு? மக்களுக்குத் தகுந்தாற்போல விதியை மாற்றிக்கொண்டே போனால் விதிக்கு என்ன மரியாதை இருக்கும்? மக்கள் வருவார்கள், போவார்கள். அட்டவணை நிற்கும். என் பணிக்காலத்தில் நான் ஒரு தொட்டியைக்கூட எட்டிப் பார்த்ததில்லை. பார்த்தால் பாரபட்சம் வந்துவிடும். கோப்பைத்தான் பார்க்கிறேன். கோப்பில் நாற்றம் கிடையாது. ஆகவே நாட்டிலும் நாற்றம் கிடையாது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்."

பல் டாக்டர் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

"இந்தச் செயலாளரைப் பாருங்கள்" என்று இணை ஆணையர் படிவத்தைக் கையில் எடுத்தார். "பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத சொந்த அண்ணனை, வாரியத்தின் நோட்டீசுக்குக் கட்டுப்பட்டு, குடும்பத்தோடு வரவழைத்திருக்கிறார். இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் இவர்கள் அத்தனை பேரும், இந்தத் தொட்டியை நிரப்புவதற்காகவே அழைத்து வரப்பட்டவர்கள். இவர்களுடைய உழைப்பை வாரியம் என்றும் மறக்காது."

யாரும் கைதட்டவில்லை. முன்வரிசை தொட்டியைப் பார்த்தது. பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தது. கண்ணாடிக்காரர் தரையைப் பார்த்தார்.

அண்ணன் எழுந்தார். எப்போதும் நாலு தெருவுக்குக் கேட்கும் குரல் அன்று பக்கத்து நாற்காலிக்கு மட்டுமே கேட்டது. "எல்லாரும் போய் பஸ்ல ஏறுங்க."

பெட்டிகள் இறங்கின. பிள்ளைகள் அழுதன. யோகா டீச்சர் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இணை ஆணையர் உதவிப் பொறியாளரிடம், "அளவெடுக்கும் முன் இவர்கள் கிளம்புவதற்கு விதியில் இடமுண்டா?" என்று கேட்டார். உதவிப் பொறியாளர் புத்தகத்தைப் புரட்டினார்.

கண்ணாடிக்காரர் ஓடிப்போய் பஸ்ஸுக்கு முன்னால் நின்றார். செயலாளரின் கடமையுணர்ச்சியை இணை ஆணையர் மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

"இதுக்குத்தான் கூப்பிட்டியா?" என்றார் அண்ணன், ஓட்டுநர் இருக்கையிலிருந்து.

"கூப்பிட்டது இதுக்குத்தான்."

"நகருடா."

"ரெண்டே நாள்தான் அண்ணா மீட்டரைப் பார்த்தேன். அப்புறம் அந்தப் பக்கமே போகலை. தினமும் கடையைப் பாதியில அடைச்சிட்டு ஓடி வந்தது மீட்டரைப் பாக்கவா?"

அண்ணன் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"எங்களையெல்லாம் வெச்சு எவ்வளவு ஏறிச்சு?" என்று கடைசியில் கேட்டார்.

"இன்ஜினியர் கணக்குப்படி, தேவையானதுல முக்கால்வாசி."

அண்ணன் மெதுவாகப் பின்னால் திரும்பினார். "முக்கால்வாசியா? இவ்வளவு பேர் இருந்துமா?" அவருடைய பழைய குரல் திரும்பிவிட்டது. "யாருடா அது, சரியா சாப்பிடாதது?"

முதலில் சிரித்தது அண்ணி. பிறகு பஸ்ஸே குலுங்கியது. அந்தச் சிரிப்பில் கண்ணாடிக்காரரும் இருந்தார். இந்தத் தடவை அவர் காது சிவக்கவில்லை.

முக்கால்வாசி போதும் என்று விதியில் எங்கோ ஒரு மூலையில் இருந்தது. சான்றிதழ் அங்கேயே வழங்கப்பட்டது. ஓராண்டுக்குச் செல்லும், அடுத்த ஆண்டு மறுபடி ஆய்வு. "அப்ப வருஷா வருஷம் வந்தே ஆகணுமா?" என்று அண்ணன் கேட்டார். ஆம் என்றார் உதவிப் பொறியாளர். "சட்டம் சொன்னா என்ன பண்றது, வரத்தான் வேணும்" என்று அண்ணன் பெட்டிகளை மறுபடி மேலே ஏற்றச் சொன்னார்.

வாரியம் இதிலிருந்து ஒரு பாடம் கற்றது. விதிப்புத்தகத்தில் புதிதாக ஒரு பிரிவு சேர்ந்தது: உற்பத்தி குறைந்த குடியிருப்புகளின் செயலாளர், ஓர் அண்ணன் அல்லது அவருக்கு இணையான உறவினரைக் குடும்பத்துடன் கைவசம் வைத்திருத்தல் வேண்டும், பேச்சுவார்த்தை இல்லாத உறவினராயின் முன்னுரிமை.

சில மாதம் கழித்து ஒரு மதியம், உதவிப் பொறியாளர் கடைக்கு வந்தார். கண்ணாடி வாங்க வரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அவர் குடியிருப்பதும் எட்டு வீட்டுக் கட்டிடமாம். போன வாரம் அவரைச் செயலாளராக்கியிருக்கிறார்கள்.

"நோட்டீஸ் வந்திருக்கு சார்."

"யார் கையெழுத்து?"

"என்னோடதுதான்." அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "விளக்கமும் நானே எழுதினேன். திருப்தியா இல்லைன்னு நானே திருப்பி அனுப்பிட்டேன்."

கண்ணாடிக்காரர் நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"எனக்கு அண்ணன் கிடையாது. ஒரு தங்கச்சி. அவ கல்யாணத்துல சின்னதா ஒரு வாக்குவாதம். அதோட நின்னுபோச்சு. அவ வீட்டுல ஆள் நிறைய." கைக்குட்டையை நான்காக மடித்தார். "என்ன காரணம் சொல்லிக் கூப்பிடறது சார்?"

"காரணமே சொல்லாதீங்க. அதை உங்க இணை ஆணையர் மைக்ல சொல்லிடுவார்."

உதவிப் பொறியாளர் தொலைபேசியை எடுத்து எண்களை அழுத்தினார். மணி அடிக்க அடிக்க, மேலதிகாரி முன் நிற்பது போல எழுந்து நின்றுகொண்டார். மறுமுனையில் ஒரு பெண்குரல் யாரென்று கேட்டது.

"கழிவுநீர் ஒழுங்கு வாரியத்திலிருந்து உதவிப் பொறியாளர் பேசறேன்" என்றார், பழக்க தோஷத்தில்.

மறுமுனை பேசவில்லை, வைக்கவும் இல்லை. கண்ணாடிக்காரர் மேஜைமேல் இருந்த கண்ணாடிகளைத் துடைப்பது போலத் திரும்பிக்கொண்டார்.

"அண்ணன் பேசறேன்மா" என்றார் உதவிப் பொறியாளர்.